ஆறு மாதத்துக்கு ஓர் இசைத்தட்டு: எமிட் ரோட்ஸின் நான்கு ஆண்டுகள்

2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு குறுந்தகடுகள் கொண்ட ஒரு தொகுப்பு வெளிவந்தது. பெயர், ‘தி எமிட் ரோட்ஸ் ரெக்கார்டிங்ஸ் 1969–1973’. ஒரு பாடகர் தன் சொந்தப் பெயரில் வெளியிட்ட நான்கு இசைத்தட்டுகளும் அதில் அடக்கம். இத்தகைய தொகுப்புகளில் முப்பது, நாற்பது ஆண்டு உழைப்பு இருப்பதுதான் வழக்கம். இதில் இருப்பதோ ஐந்தாண்டுகூட நிரம்பாத காலம். தொகுப்பு வந்தபோது எமிட் ரோட்ஸுக்கு 59 வயது. அதிலுள்ள கடைசி இசைத்தட்டு வந்தபோது அவருக்கு 23.

இடைப்பட்ட 36 ஆண்டுகளில் அவர் புதிதாகப் பாடிய ஓர் இசைத்தட்டுகூட வெளிவரவில்லை. மறக்கப்பட்ட மேதை என்று ஒரு முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடலாம். பலர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் இங்கே நடந்ததில் பெரிய மர்மம் ஏதுமில்லை. மூன்று ஆண்டுகளில் ஆறு இசைத்தட்டுகள் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. இருபது வயதுப் பையன் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ரோட்ஸ் பிறந்தது 1950 பிப்ரவரியில், இல்லினாய் மாநிலத்தின் டெகேட்டர் நகரில். வளர்ந்தது கலிஃபோர்னியாவின் ஹாத்தார்னில். லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். விமானத் தொழிற்சாலையும், அங்கே வேலை செய்த குடும்பங்களின் சிறு வீடுகளும் நிறைந்த இடம். பீச் பாய்ஸ் குழுவின் வில்சன் சகோதரர்கள் வளர்ந்ததும் அதே ஊரில்தான். 1960களின் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பையன் ஒருவன் பாடகனாக வேண்டும் என்று ஆசைப்பட்டால், வழிகாட்டி தெருக்கோடியிலேயே இருந்தார்கள் என்று பொருள்.

ரோட்ஸின் முதல் வேலை பாட்டல்ல, டிரம்ஸ். ‘பேலஸ் கார்ட்’ என்ற குழுவில் பதின்ம வயதிலேயே டிரம்ஸ் வாசித்தார். பிற்பாடு அவர் தனியாளாகச் செய்த வேலைக்கு இது எவ்வளவு கைகொடுத்தது என்பதை அப்போது யாரும் ஊகித்திருக்க முடியாது. பிறகு கிதாரைக் கையிலெடுத்து, பாட்டு எழுதத் தொடங்கி, ‘மெரி-கோ-ரவுண்ட்’ என்ற நால்வர் குழுவின் தலைமைப் பாடகரானார். ஏ அண்ட் எம் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. 1967இல் வந்த ‘லிவ்’ என்ற பாட்டு லாஸ் ஏஞ்சலிஸ் வானொலிகளில் சக்கைப்போடு போட்டது. நாடு முழுவதுக்குமான பில்போர்ட் இதழின் தரவரிசையில் 63ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. பாட்டு எழுதியவருக்கு அப்போது 17 வயது.

அந்தக் குழுவின் பாட்டுகளை மற்றவர்கள் எடுத்துப் பாடிய கதை தனி. இங்கிலாந்தில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற குழு தன் முதல் இசைத்தட்டைத் தொடங்கியதே ரோட்ஸின் ‘டைம் வில் ஷோ தி வைசர்’ பாட்டைக் கொண்டுதான், ஆண்டு 1968. பாடகி லிண்டா ரான்ஸ்டட் இன்னொன்றைப் பாடினார். 1984இல் பேங்கிள்ஸ் பெண்கள் ‘லிவ்’ பாட்டுக்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். பாட்டின் எலும்புக்கூடு உறுதியாக இருந்தால்தான் இப்படிக் கைமாறிக் கைமாறிப் பிழைக்கும்.

இந்த வகை இசைக்கு இன்று பவர் பாப் என்று பெயர். தி ஹூ குழுவின் பீட் டவுன்செண்ட் 1967இல் போகிற போக்கில் பயன்படுத்திய சொல் அது. 1970களின் பிற்பகுதியில்தான் கடைகளில் தனி அலமாரிக்குரிய பெயராக ஆனது. மூன்று நிமிடத்துக்குள் முடியும் பாட்டு, கேட்டவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் பல்லவி, முன்னால் நிற்கும் கிதார், இரண்டு மூன்று குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய ஹார்மனி. பீட்டில்ஸ் 1964 முதல் 1966 வரை செய்ததை வேதமாக எடுத்துக்கொண்டு, உலகம் அதைத் தாண்டிப் போன பிறகும் விடாமல் செய்தவர்களின் இசை என்று சொன்னால் தவறில்லை. 1970இல் ராக் இசை கனத்துக்கொண்டும் நீண்டுகொண்டும் போனது. இன்னொரு பக்கம், கிதாரோடு அமர்ந்து தன் மனக்குமுறலைப் பாடுவோரின் காலம் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டுகளில் மெம்ஃபிஸில் பிக் ஸ்டாரும், கிளீவ்லாந்தில் ராஸ்ப்பெரிஸும், லண்டனில் பேட்ஃபிங்கரும் என மூன்று குழுக்காரர்களும் அவரவர் வழியில் பழைய மெட்டுக் கட்டுமானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஹாத்தார்னில் ரோட்ஸ். கறாராகப் பார்த்தால் அவருடைய இசையில் கிதாரைவிடப் பியானோவுக்கு இடம் அதிகம். ‘பவர்’ கொஞ்சம் குறைவு, ‘பாப்’ நிறைய. ஆனாலும் அந்த அலமாரியில் அவரை வைப்பதில் யாருக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை.

1969இல் மெரி-கோ-ரவுண்ட் கலைந்தது. ஏ அண்ட் எம் நிறுவனத்துக்குத் தர வேண்டிய பாக்கிக்காக ரோட்ஸ் சில பாட்டுகளைப் பதிவு செய்து கொடுத்தார். நிறுவனம் அவற்றை அலமாரியில் போட்டுவிட்டது. (இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) பிறகு அவர் பெற்றோர் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துக்கொண்டு தனியாக வேலையைத் தொடங்கினார்.

அந்தக் கொட்டகையில் நடந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று மடிக்கணினியில் நூறு தடங்களை அடுக்குகிறவர்களுக்கு அது பிடிபடாது. அவரிடம் இருந்தது நான்கு தடங்கள் கொண்ட ஆம்பெக்ஸ் நாடா இயந்திரம். நாடாவின் அகலத்தை நான்கு கோடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியத்தைப் பதியலாம். குழுவாக இருந்தால் நால்வரும் ஒரே நேரத்தில் வாசித்துவிட்டுப் போய்விடலாம். தனியாளுக்கு அது நடக்காது. ஒரு வாத்தியத்தை முதலில் வாசிக்க வேண்டும். நாடாவைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சற்று முன் தானே வாசித்ததைக் கேட்டபடி அடுத்ததை வாசிக்க வேண்டும். பதிவுப் பொத்தானை அழுத்துவதும் அவர்தான், ஓடிப்போய் டிரம்ஸின் முன் உட்காருவதும் அவர்தான். ஒரு தாளம் தவறினால் திரும்பவும் பொத்தான், திரும்பவும் ஓட்டம்.

வாத்தியங்களை இப்படி நான்கு தடங்களில் முடித்து, அதை எட்டுத் தட நாடாவுக்கு மாற்றி, அதன்மேல் குரல்களைச் சேர்த்தார். நாடாவிலிருந்து நாடாவுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஒரு பங்கு கூடும். அதனால் மாற்றுவதற்கு முன்பே எல்லாம் திருத்தமாக இருந்தாக வேண்டும். எல்லாத் தடங்களையும் ஒன்றாகச் சேர்க்கும் இறுதிக் கலவையில் மட்டும் கீத் ஓல்சன், கர்ட் பெட்சர் என்ற இரு தயாரிப்பாளர்களின் கை பட்டது.

தனியாளாக எல்லா வாத்தியங்களையும் வாசித்த இசைத்தட்டுகளில் பெரும்பாலும் டிரம்ஸ்தான் காட்டிக்கொடுக்கும். கிதார்க்காரர் கடமைக்கு அடித்த டிரம்ஸ் என்று கேட்டவுடன் தெரிந்துவிடும். ரோட்ஸ் விஷயத்தில் அந்தக் குறை இல்லை, அவர் தொடங்கியதே அங்கேதான். இன்னொரு நுணுக்கம் ஹார்மனியில் இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து பாடும்போது மூன்று தொண்டைகளின் தன்மை கலக்கும். ஒரே ஆள் மூன்று முறை பாடி அடுக்கினால் உச்சரிப்பு, மூச்சு, நடுக்கம் எல்லாம் அச்சாகப் பொருந்தும். குரல் ஒன்றாகவும் பலவாகவும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். ‘சம்படி மேட் ஃபார் மீ’ பாட்டில் பியானோவுக்குமேல் அந்தக் குரலடுக்கு ஏறும் இடத்தைக் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். பீட்டில்ஸ் போல இருக்கிறது என்று எல்லோரும் சொல்வது சரிதான். அதே சமயம் பீட்டில்ஸில் இல்லாத ஒரு தனிமையும் அதில் இருக்கிறது. மறுகுரல் கொடுக்க வேறு ஆளே இல்லாத வீட்டின் ஒலி அது.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியும் தன் வீட்டில் நான்கு தட இயந்திரத்தை வைத்துக்கொண்டு, எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து ஓர் இசைத்தட்டைச் செய்துகொண்டிருந்தார். அது 1970 ஏப்ரலில் வந்தது. ரோட்ஸின் முதல் தட்டு அதே ஆண்டின் கடைசியில், ஏபிசி-டன்ஹில் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். மெக்கார்ட்னியின் தட்டில் பாதி, போகிற போக்கில் பதிந்த துணுக்குகள். ரோட்ஸுடையதில் பன்னிரண்டு பாட்டுகளும் இழைத்து இழைத்துச் செய்தவை. பீட்டில்ஸ் பிரிந்துபோன துக்கத்தில் இருந்தவர்கள், மெக்கார்ட்னியிடம் எதிர்பார்த்து ஏமாந்த பொருளை ஹாத்தார்ன் பையனிடம் கண்டுபிடித்தார்கள். ‘ஒற்றை ஆள் பீட்டில்ஸ்’ என்ற பட்டம் பிற்காலத்தில் அவரோடு ஒட்டிக்கொண்டதற்கு இதுவே காரணம். தட்டு பில்போர்ட் வரிசையில் 29ஆம் இடம் வரை ஏறியது. ‘ஃப்ரெஷ் அஸ் எ டெய்சி’ என்ற பாட்டு 54ஆம் இடத்தைத் தொட்டது. வீட்டுக் கொட்டகையில் செய்த சரக்குக்கு அது பெரிய வெற்றி.

வெற்றியைப் பார்த்ததும் ஏ அண்ட் எம் நிறுவனம் அலமாரியில் தூங்கிய பழைய பதிவுகளை எடுத்து ‘தி அமெரிக்கன் ட்ரீம்’ என்ற பெயரில் கடைகளுக்கு அனுப்பியது. எது புதியது, எது பழையது என்று வாங்குகிறவருக்குப் புரியாத நிலை. பதிவு செய்த காலப்படி இதுவே முதல் தட்டு. அதனால்தான் 2009 தொகுப்பின் தலைப்பு 1969இல் தொடங்குகிறது. தனியாகக் கேட்டால் மோசமான தட்டல்ல. வயலின், ஊதுகருவிகள் எல்லாம் வைத்து, வெளி இசைக்கலைஞர்களோடு செய்த வேலை அது. கொட்டகையில் பிறந்த தட்டின் பக்கத்தில் வைத்தால்தான் யாரோ தைத்துக் கொடுத்த சட்டை போலத் தெரிகிறது.

இப்போது அந்த ஒப்பந்தம். டன்ஹில் நிறுவனத்தோடு ரோட்ஸ் போட்டது மூன்று ஆண்டுகளுக்கு ஆறு தட்டுகள், அதாவது ஆறு மாதத்துக்கு ஒன்று. இதைப் படிக்கிற இன்றைய வாசகருக்கு அது கொடுமையான, விதிவிலக்கான நிபந்தனையாகப் படும். ரோட்ஸின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் காலத்தில் அது சாதாரண வழக்கம். அதே ஹாத்தார்னைச் சேர்ந்த பீச் பாய்ஸ் 1963இல் மட்டும் மூன்று தட்டுகளை வெளியிட்டார்கள். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழு 1969இல் மூன்று. பீட்டில்ஸே 1963 முதல் 1965 வரை இங்கிலாந்தில் ஆண்டுக்கு இரண்டு வீதம் கொடுத்தார்கள். சந்தை வேகமானது, ரசிகர் மறதிக்காரர், முன்பணம் சீக்கிரம் திரும்ப வர வேண்டும் என்ற கணக்கில் எழுதிய பொது விதி அது. டன்ஹில் வழக்கறிஞர் அதை எழுதும்போது கண்கூடச் சிமிட்டியிருக்க மாட்டார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்த விதி ஒரு தொழிற்சாலை முறையை மனத்தில் வைத்து எழுதியது. பாட்டு எழுத இரண்டு மூன்று பேர், வாசிக்க நான்கு பேர் அல்லது கூலிக்கு வரும் கைதேர்ந்த கலைஞர்கள், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறியாளர், எல்லோரையும் விரட்ட ஒரு தயாரிப்பாளர். அப்படி இருந்தால் இரண்டு வாரத்தில் ஒரு தட்டு முடியும். ரோட்ஸின் கொட்டகையில் இத்தனை பேருடைய வேலையையும் ஒரே ஆள், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டிருந்தார். முதல் தட்டுக்கு மாதக்கணக்கில் பிடித்தது. அதன் அழகே அந்த நிதானத்தில் இருந்தது. அதற்காகத்தான் ஜனங்கள் வாங்கினார்கள். நிறுவனம் அந்த நிதானத்தின் விளைவை விற்றுக்கொண்டே, நிதானத்துக்கு இடமில்லாத காலக்கெடுவை நீட்டியது. இருபது வயதுக்காரருக்கு அதன் பொருள் கையெழுத்துப் போடும்போது தெரிந்திருக்காது. நிறுவனத்துக்கோ வீட்டில் தனியாளாகப் பதிவு செய்யும் பழக்கமே புதிது. ஒரு வழக்கமான விதி வழக்கத்துக்கு மாறான ஒருவர்மேல் வந்து விழுந்தது.

கெடு தவறியது. நிறுவனம் 2,50,000 டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது, அவருக்கு வர வேண்டிய ராயல்டியையும் நிறுத்தி வைத்தது. பாட்டு எழுதிச் சம்பாதித்த பணம் கையில் வராது. பாட்டு எழுதாததற்கான அபராதமோ தலைக்குமேல் தொங்கும். கலிஃபோர்னியாவில் ஒருவரைத் தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தில் ஏழு ஆண்டுகளுக்குமேல் கட்டிப்போட முடியாது என்று சட்டம் உண்டு. ஏழு ஆண்டுக் கூரை இருந்தும் மூன்று ஆண்டு நெருக்கடியில் சிக்கியவருக்கு அதனால் என்ன பயன்? அந்தச் சட்டத்திலேயேகூட 1987இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, தராமல் விட்ட தட்டுகளுக்கு இழப்பீடு கோரும் உரிமையை நிறுவனங்கள் பெற்றுக்கொண்டன.

இந்தப் பின்னணி தெரிந்த பிறகு தொகுப்பின் மற்ற இரண்டு தட்டுகளைக் கேட்டால் பல விஷயங்கள் விளங்கும். 1971இல் வந்த ‘மிரர்’ அவசரத்தின் பிள்ளை. மெட்டுகளில் குறையில்லை, ‘ரியலி வான்டட் யூ’ அவருடைய சிறந்த பாட்டுகளில் ஒன்று. ஆனால் பூச்சு வேலை குறைந்திருக்கிறது. குரலில் ஒரு கரகரப்பு, கிதாரில் ஒரு முரட்டுத்தனம். சிலருக்கு இந்தத் தட்டுதான் உண்மையான பவர் பாப். எனக்கு அதில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவரின் பதற்றம் கேட்கிறது. விற்பனையும் சரிந்தது, பில்போர்ட் வரிசையின் கடைசிப் படிகளில் வந்து எட்டிப் பார்த்ததோடு சரி.

1973இல் வந்த ‘ஃபேர்வெல் டு பேரடைஸ்’ வேறு மாதிரி. இனி ஓடிப் பயனில்லை என்று தெரிந்தவர் நடக்கும் நடை அதில் இருக்கிறது. சுருதி தாழ்ந்திருக்கிறது, பீட்டில்ஸின் நிழல் ஏறத்தாழ விலகிவிட்டது, ஜாஸ் சாயலுள்ள மெட்டுகள் வருகின்றன. முதல் தட்டை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், நானும்தான். ஆனால் ரோட்ஸ் எந்தத் திசையில் வளர்ந்திருப்பார் என்று தெரிந்துகொள்ள இந்தத் தட்டைத்தான் கேட்க வேண்டும். யாருடைய வாரிசாகவும் இல்லாத ஒருவர் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தார். யாரும் வாங்கவில்லை. ரோட்ஸ் பாடுவதை நிறுத்தினார். பிறகு எலெக்ட்ரா நிறுவனத்தில் ஒலிப்பதிவு வேலைக்குப் போனார். ஹாத்தார்ன் வீட்டிலேயே கூடம் வைத்துப் பிறருக்குப் பதிவு செய்து கொடுத்தார்.

பவர் பாப் ரசிகர்கள் தங்கள் நாயகர்களுக்கு நேர்ந்ததை எல்லாம் துரதிர்ஷ்டம் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். பிக் ஸ்டாரின் முதல் தட்டை விமர்சகர்கள் புகழ்ந்த நேரத்தில் அது கடைகளுக்கே போய்ச் சேரவில்லை. காரணம் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் விநியோகக் கோளாறு. பேட்ஃபிங்கரின் பணத்தை நிர்வாகியின் கணக்கு வழக்குகள் விழுங்கின. விற்பனையில் இருந்த தட்டையும் வார்னர் நிறுவனம் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. 1975 ஏப்ரலில் அந்தக் குழுவின் பாடகர் பீட் ஹாம் தூக்கிட்டு இறந்தார். இவற்றில் எதிலும் விதியின் விளையாட்டு இல்லை. எல்லாம் தாளில் எழுதிக் கையெழுத்திட்ட வியாபார ஏற்பாடுகள். இசை இனிமையாக இருந்தால் கேட்கிறவர்கள் அதன் பின்னாலிருக்கும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கணக்குப் புத்தகமே கடைசியில் தொகுப்பு வெளிவரவும் வழி செய்தது என்பதுதான் இந்தக் கதையின் விசித்திரம். ‘தி அமெரிக்கன் ட்ரீம்’ ஏ அண்ட் எம் நிறுவனத்தின் சொத்து. மற்ற மூன்றும் ஏபிசி-டன்ஹிலுடையவை. போட்டி நிறுவனங்கள் தங்கள் பதிவுகளை ஒரே உறையில் போட்டு விற்க எளிதில் சம்மதிப்பதில்லை. ஆனால் 1979இல் ஏபிசி ரெக்கார்ட்ஸை எம்சிஏ வாங்கியது. 1989இல் ஏ அண்ட் எம்மை பாலிகிராம் வாங்கியது. 1998இல் பாலிகிராமையே விழுங்கி, எம்சிஏவின் சொத்துகளையும் உள்ளடக்கிய யுனிவர்சல் எழுந்தது. ஒரு காலத்தில் ஒன்றின் காலை ஒன்று வாரிவிட்ட தட்டுகள் ஒரே கிடங்கில் வந்து சேர்ந்தன. பழைய சரக்குகளைக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட யுனிவர்சல் வைத்திருந்த ஹிப்-ஓ செலக்ட் என்ற பிரிவு நான்கையும் சேர்த்து இரண்டு குறுந்தகடுகளில் அடக்கியது. கலைஞரைக் காப்பாற்ற வராத நிறுவனச் சேர்க்கை, அவருடைய நாடாக்களைச் சேர்த்து வைத்தது.

அதற்குள் காற்று கொஞ்சம் திரும்பியிருந்தது. முதல் தட்டில் ஒரு நிமிடச் சொச்சமே ஓடும் ‘லல்லபை’ என்ற சின்னப் பாட்டை 2001இல் வெஸ் ஆண்டர்சன் தன் ‘தி ராயல் டெனன்பாம்ஸ்’ படத்தில் பயன்படுத்தினார். 2009இல் இத்தாலிய இயக்குநர் கோசிமோ மெஸ்ஸேரி ரோட்ஸைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அவரைவிட வயதில் மிக இளைய இசைக்கலைஞர்கள் ஹாத்தார்ன் வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். அவர்களில் கிறிஸ் பிரைஸ் விடாப்பிடியாக நின்று தயாரித்த ‘ரெயின்போ எண்ட்ஸ்’ 2016 பிப்ரவரியில், ரோட்ஸின் 66ஆவது பிறந்தநாளை ஒட்டி வெளிவந்தது. எய்மி மான், ஜான் பிரையன், ஜேசன் ஃபாக்னர், நெல்ஸ் கிளைன் என்று பெரிய பட்டாளமே அதில் வாசித்துப் பாடியது. 1984இல் ‘லிவ்’ பாட்டைப் பாடிய பேங்கிள்ஸின் சூசன்னா ஹாஃப்ஸும் உண்டு. எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்தவர், இம்முறை பக்கத்தில் ஆட்களை வைத்துக்கொண்டு பாடினார். குரல் இறங்கிவிட்டது, பாட்டுகள் முறிந்த மணவாழ்க்கையையும் வயதையும் பற்றியவை. முந்தைய தட்டுக்கும் இதற்கும் இடையே 43 ஆண்டுகள். ரோட்ஸ் 2020 ஜூலை 19 அன்று ஹாத்தார்ன் வீட்டில் தூக்கத்திலேயே காலமானார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. 2009 தொகுப்பை முதலிலிருந்து வரிசையாக ஓட்டாதீர்கள். அதில் முன்னால் நிற்பது ‘தி அமெரிக்கன் ட்ரீம்’; அதைக் கேட்டுவிட்டு இவ்வளவுதானா என்று எடுத்துவைத்துவிடும் அபாயம் உண்டு. 1970 தட்டின் முதல் பாட்டான ‘வித் மை ஃபேஸ் ஆன் தி ஃப்ளோர்’ பாட்டிலிருந்து தொடங்கி, அந்தத் தட்டை முழுதாகக் கேளுங்கள். பிறகு ‘ஃபேர்வெல் டு பேரடைஸ்’. அதன்பின் ‘மிரர்’. ‘ரெயின்போ எண்ட்ஸ்’ ஆம்னிவோர் என்ற வேறு நிறுவனத்தின் வெளியீடு என்பதால் தொகுப்பில் இல்லை. மெரி-கோ-ரவுண்ட் பாட்டுகளும் அதில் இல்லை. இரண்டையும் தனியாகத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.